போர் மூன்றாண்டு தள்ளிப்போயிருந்தால்: மரக்காணம் உப்பளக் கரையிலிருந்து ஒரு கடற்படைக் கணக்கு

1914 ஆகஸ்ட் இறுதியில், முதல் உலகப் போர் தொடங்கி ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், பிரிட்டிஷ் கடற்படைத் தலைமையகம் இரண்டு பெரும்போர்க்கப்பல்களை ரத்து செய்தது. ஒன்றுக்கு ரெசிஸ்டன்ஸ் என்றும் மற்றொன்றுக்கு அஜின்கோர்ட் என்றும் பெயர் வைத்தாயிற்று, பணமும் ஒதுக்கியாயிற்று. ரினௌன், ரிபல்ஸ் என்ற வேறு இரண்டின் வேலையும் அப்போதே நிறுத்திவைக்கப்பட்டது. பிற்பாடு அவ்விரண்டும் வேறு வடிவில், கவசம் குறைந்த வேகக் கப்பல்களாகப் பிறந்தன. போர் சீக்கிரம் முடிந்துவிடும், இவை கடலில் இறங்குவதற்குள் எல்லாம் தீர்ந்திருக்கும் என்று நினைத்தார்கள். போருக்கென்றே வளர்ந்த கப்பல் கட்டும் திட்டத்தைப் போர் வந்ததும் முதலில் நிறுத்தியது இப்படித்தான்.

ஆகவே, ‘போர் மூன்றாண்டு தாமதமாக, 1917ல் வந்திருந்தால் பிரிட்டன் எத்தனை கப்பல் கட்டியிருக்கும்?’ என்ற கேள்வி வெறும் பொழுதுபோக்குக் கேள்வி அல்ல. கட்ட முடிவெடுத்துக் கைவிட்ட கப்பல்களின் பட்டியல் ஆவணமாகவே இருக்கிறது. மாற்று வரலாறு எழுதுகிறவர்களுக்கு இது பிடித்த விளையாட்டு. டைன் நதிக்கரையிலும் கிளைட் நதிக்கரையிலும் இருந்த கப்பல் கட்டுந்துறைகளை எண்ணுவார்கள். 15 அங்குலப் பீரங்கிகளை எண்ணுவார்கள். ஆண்டுக்கு நான்கு கப்பல் என்று பெருக்கி முடிப்பார்கள். 1914ல் கடற்படை அமைச்சராக இருந்த சர்ச்சிலே பின்னாளில் இந்த ஆட்டத்தில் இறங்கினார். 1931ல் ஜே. சி. ஸ்குவயர் தொகுத்த நூலில் அவர் எழுதிய கட்டுரை, அமெரிக்க உள்நாட்டுப் போரின் கெட்டிஸ்பர்க் சண்டையைத் திருப்பிப்போட்டுத் தொடங்கி, 1914 உலகப் போரே நடக்காமல் போவதில் வந்து நிற்கும். தம் பதவிக்காலத்தில் நடந்த போரைத் தம் பேனாவாலேயே நிறுத்திப் பார்த்த அமைச்சர் வேறு யாரும் எனக்குத் தெரிந்து இல்லை.

இந்த ஆட்டத்துக்கு ஒரு விதி வேண்டும், இல்லாவிட்டால் எதையும் எழுதலாம். அன்றைய ஆட்கள் கையில் உண்மையிலேயே இருந்த திட்டங்கள், அன்று காகிதத்தில் ஏறிய மாற்று வழிகள், இவற்றை மட்டும்தான் எடுத்துக்கொள்ளலாம். அந்த விதிக்குள் நின்றுகொண்டு கணக்கை டைன் கரையின் நியூகாசிலிலிருந்து பார்க்காமல் மரக்காணத்திலிருந்து பார்த்தால் என்ன தெரியும் என்பதே இங்கே கேள்வி.

மரக்காணம் ஏன்? சங்க இலக்கியம் சொல்லும் ஓய்மாநாட்டு எயிற்பட்டினம் இதுதான் என்று ஆய்வாளர்கள் கருதும் பழைய கடற்கரை ஊர் இது. 1914ல் தென்னார்க்காடு மாவட்டத்தில், திண்டிவனம் வட்டத்தில் இருந்தது. சென்னையிலிருந்து தெற்கே வரும் பக்கிங்காம் கால்வாய் இங்கே வந்து முடிகிறது; கழுவெளியின் உப்பங்கழி இங்கேதான் கடலைத் தொடுகிறது. கழிமுகத்தை ஒட்டி உப்பளங்கள். பாத்தி பாத்தியாகத் தண்ணீரை மாற்றி மாற்றிக் காய்ச்சுவார்கள். கடைசிப் பாத்தியில் உப்பு பூத்ததும் நீளக் கழியில் பொருத்திய பலகையால் வாரி வரப்பில் சேர்ப்பார்கள். தலையில் சுமந்து கொண்டுபோய் அம்பாரம் போடுவார்கள். ஐப்பசி மழைக்கு முன் அம்பாரத்தின் மேல் கீற்று ஏறிவிடும். வெள்ளைக்காரன் காலத்தில் அந்த உப்பைச் சுற்றி உப்பு இலாகா என்றொரு காவல் இருந்தது. பள்ளத்தில் தானாகப் பூத்த உப்பை ஏழை ஒருவர் வழித்தெடுத்தால் வழக்கு. ஆள் வழிக்காமல் இருக்க, அப்படிப் பூத்ததை இலாகாவே அழித்துவிடும்.

பெரும்போர்க்கப்பலுக்கும் இந்தக் கரைக்கும் பழைய உறவும் உண்டு. 1782 பிப்ரவரியில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரெனும் ஆங்கிலேயத் தளபதி ஹியூஸும் சதுரங்கப்பட்டினத்துக்கு அப்பால் மோதினார்கள். 1783 ஜூனில் கடலூருக்கு அப்பால் மறுபடி மோதினார்கள். மரக்காணம் இந்த இரண்டுக்கும் நடுவில். அன்றைக்கு அந்த இரண்டு நாடுகளும் தங்கள் பெரும்போர்க்கப்பல்களை இங்கே அனுப்பிச் சண்டையிட்டன. 1815க்குப் பிறகு எதிரி இல்லாமல் போனதால் இந்தக் கடல் பிரிட்டனின் கொல்லைப்புறமாயிற்று. 1904, 1905ல் அட்மிரல் ஃபிஷர் செலவைக் குறைக்கவும் கப்பல்களை வடகடலில் குவிக்கவும் உலகெங்கும் சிதறிக்கிடந்த பழைய கப்பல்களைத் திரும்ப அழைத்தார். திருகோணமலைக் கடற்படைத் தளம் மூடப்பட்டது அப்போதுதான். புதுத் தலைமுறைப் பெரும்போர்க்கப்பல் வகைக்கே பெயர் தந்த டிரெட்நாட் கப்பல் 1906ல் வந்தது. ஆனால் அதற்கு முன்பே இந்தக் கரையைக் காத்தவர்கள் மூட்டை கட்டியாயிற்று.

இனி கப்பல் கணக்கு. 1914 ஆகஸ்டில் பிரிட்டனிடம் 20 டிரெட்நாட்கள், ஜெர்மனியிடம் 13. டிரெட்நாட் எண்ணிக்கையில் ஜெர்மனியைவிட 60 சதவீதம் கூடுதல் என்பது 1912 மார்ச்சில் சர்ச்சில் அறிவித்த அளவுகோல். கட்டுமானத்தில் இருந்தவை: 15 அங்குலப் பீரங்கிகளும் எண்ணெய்க் கொதிகலன்களும் கொண்ட குவீன் எலிசபெத் வகையில் ஐந்து, 1913 திட்டத்தின் ரிவெஞ்ச் வகையில் ஐந்து. 1914 திட்டத்தில் மேலே சொன்ன நான்கு. போர் தள்ளிப்போயிருந்தால் 1917 தொடக்கத்தில் இந்தப் பதினான்கும் கடலில் இருந்திருக்கும் என்பது சாதாரணக் கூட்டல்.

கூட்டல் மட்டும் போதாது, கழித்தலும் உண்டு. போர் வெடித்ததும் பிரிட்டன் தன் துறைகளில் துருக்கிக்காகக் கட்டிய இரண்டு பெரும்போர்க்கப்பல்களைப் பறித்துக்கொண்டது. சிலிக்காகக் கட்டிய ஒன்றைப் பிறகு விலைக்கு வாங்கியது. அமைதி நீடித்திருந்தால் அந்த மூன்றும் சொந்தக்காரர்களிடம் போயிருக்கும். போரின் முதல் ஆண்டில் பிரிட்டனுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம் அது; தாமதம் அதைக் கெடுத்திருக்கும்.

அதைவிடப் பெரிய விஷயம் பணம். 1913 டிசம்பரிலும் 1914 ஜனவரியிலும் லண்டன் அமைச்சரவை கடற்படைச் செலவை வைத்து உடையும் நிலைக்கு வந்தது. சர்ச்சில் நான்கு கப்பல் கேட்டார். நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜ் இரண்டோடு நிறுத்தப் பார்த்தார். கடைசியில் 5 கோடியே 15 லட்சம் பவுண்டு அளவில் மதிப்பீடு நின்றது, அமைதிக் காலத்தில் அதுவரை கேட்டிராத தொகை. வட அயர்லாந்துச் சிக்கல் ஒருபுறம், முதியோர் ஓய்வூதியம், காப்பீடு முதலிய புதுச் செலவுகள் மறுபுறம். கடற்படைக்குள்ளேயே சிலர் நீர்மூழ்கிகளை முன்னிறுத்தினார்கள். 1914 திட்டத்தின் கப்பல்களில் சிலவற்றுக்குப் பதில் நீர்மூழ்கிகளும் டார்பிடோப் படகுகளும் வாங்கிவிடலாமா என்ற பேச்சு அந்தக் கோடையிலேயே நடந்தது. எதிர்ப்பக்கத்திலும் நிலை மாறிக்கொண்டிருந்தது. 1913ல் ஜெர்மனி தன் பணத்தைத் தரைப்படைக்குத் திருப்பியது, ஏனென்றால் ரஷ்யாவின் பெரும் படைத் திட்டம் 1917ல் முடியும் என்று பெர்லின் அஞ்சியது. ஜெர்மன் தளபதிகள் தாமதத்தை வெறுத்ததற்குக் காரணமும் அதுவே.

ஆகவே ‘ஆண்டுக்கு நான்கு’ என்று கோடு இழுத்துக்கொண்டே போகிறவர்களின் 1917 எனக்கு நம்பும்படியாக இல்லை. போட்டி தளர்ந்துகொண்டிருந்தது. கப்பல் கட்டும் துறைக்குப் பஞ்சமில்லை. பீரங்கி மேடை செய்யும் ஆலைக்கும் 1909க்குப் பிறகு பஞ்சமில்லை. பணம் கொடுக்க ஆள்தான் வேண்டியிருந்தது. ஆள் தேடும் படலம் 1909லேயே ஆரம்பித்துவிட்டது, நம் கரைக்கும் அதில் பங்குண்டு.

1909ல் லண்டனில் கூடிய சாம்ராஜ்ய மாநாட்டில் ஒரு நல்ல திட்டம் உருவானது. கிழக்கே மூன்று படைப்பிரிவுகள்: ஆஸ்திரேலியாவுக்கு ஒன்று, சீனக் கடலுக்கு ஒன்று, இந்தியப் பெருங்கடலுக்கு ஒன்று. ஆஸ்திரேலியப் பிரிவின் அளவு வருமாறு தீர்மானமாயிற்று: ஒரு பேட்டில்குரூசர் (கவசம் குறைந்த, வேகமான பெரும்போர்க்கப்பல்), மூன்று இலகுரகக் குரூசர்கள், ஆறு நாசகாரிகள், மூன்று நீர்மூழ்கிகள். அதே மாதிரியில் மற்ற இரண்டும். ஆஸ்திரேலியா தன் பங்கைச் சொந்தப் பணத்தில் கட்டி, 1913ல் சிட்னிக்குக் கொண்டுபோனது. நியூசிலாந்து பணம் போட்டுத் தந்த பேட்டில்குரூசர் சீனக் கடல் பிரிவுக்குத் தலைமை ஏற்க வேண்டியது. அதை 1912ல் வடகடலிலேயே நிறுத்திக்கொண்டார்கள். கிழக்கிந்தியப் பிரிவுக்கு வரவேண்டியது வரவே இல்லை. அதற்குப் பதிலாக 1913ல் வந்தது ஸ்விஃப்ட்ஷ்யூர். சிலி நாட்டுக்காகத் தொடங்கி, 1903ல் பிரிட்டன் வாங்கிக்கொண்ட பழைய கப்பல். டிரெட்நாட்டுக்கு முந்தைய தலைமுறை.

அன்று இந்தியாவிடம் சொந்தப் போர்க்கப்பல் ஒன்றுகூட இல்லை. இந்திய அரசின் கடற்துறை துருப்பு ஏற்றவும் அளவை எடுக்கவும் மட்டும் கப்பல் ஓட்டியது. காவலுக்காக ஆண்டுக்கு 1 லட்சம் பவுண்டு, அன்றைய மதிப்பில் 15 லட்சம் ரூபாய், லண்டனுக்குப் போய்க்கொண்டிருந்தது. பணம் ஒழுங்காகப் போயிற்று. காவல்?

1914 செப்டம்பர் 10 முதல் ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் வங்காள விரிகுடாவில் வணிகக் கப்பல்களைப் பிடித்து மூழ்கடித்துக்கொண்டிருந்தது. 22ஆம் தேதி இரவு ஒன்பதரை மணி சுமாருக்குச் சென்னைத் துறைமுகத்தின் முன் வந்து நின்றது. 3,600 டன் சொச்சம் எடையுள்ள சின்னக் குரூசர். பத்துப் பீரங்கி, ஒவ்வொன்றும் 10.5 செண்டிமீட்டர் வாய். ஏறத்தாழ 130 குண்டுகள் சுட்டுவிட்டு, பர்மா ஆயில் கம்பெனியின் மண்ணெண்ணெய்த் தொட்டிகள் எரியும் வெளிச்சத்தில் எம்டனின் தலைவர் வான் முல்லர் விலகிப் போனார். முதலில் வடக்கே போவதாகப் போக்குக் காட்டிவிட்டு, பிறகு தெற்கே இலங்கையை நோக்கித் திரும்பினார். நம் உப்பளக் கரை நெடுகக் கடலுக்கு அப்பால் அவர் போன நேரத்தில் பிரிட்டனின் டிரெட்நாட்கள் ஸ்காபா ஃப்ளோவை மையமாக வைத்து வடகடலில் இருந்தன. அந்தத் தொட்டிக்காரர்களே ஆங்கிலோ-பெர்சியன் கம்பெனியை 1909ல் தொடங்கியவர்கள். 1914ல் பிரிட்டிஷ் அரசு 22 லட்சம் பவுண்டுக்கு அதன் பெரும்பான்மைப் பங்கை வாங்கியது குவீன் எலிசபெத் வகைக் கப்பல்களுக்கு எண்ணெய் வேண்டும் என்பதால். எண்ணெய்க்குக் காட்டிய அக்கறை எண்ணெய் இருந்த கரைக்குக் கிடைக்கவில்லை.

(நமக்கென்று ஒரு சொந்த மாற்று வரலாறும் இங்கே உண்டு. செண்பகராமன் பிள்ளை எம்டனில் வந்தார் என்று பள்ளிக்கூடத்திலிருந்து கேட்டு வருகிறோம். அந்தச் செப்டம்பரில் அவர் இருந்தது ஜூரிக்கில். பெர்லினுக்குப் போனதே பிறகுதான். அவருடைய நிஜமான பணி அந்தக் கதை இல்லாமலே நிற்கக்கூடியது.)

1909 திட்டம் காப்பாற்றப்பட்ட இடத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். அட்மிரல் ஷ்பேயின் ஜெர்மன் படை பசிபிக்கில் இருந்தது. ஆஸ்திரேலியா என்ற அந்த ஒற்றைப் பேட்டில்குரூசர் தம் முழுப் படையைவிட வலியது என்று கருதிய ஷ்பே அந்தத் திசைக்கே போகாமல் தென்னமெரிக்கா பக்கம் ஒதுங்கினார். திட்டம் கைவிடப்பட்ட இந்தியக் கடலுக்குத் தம்மிடமிருந்த ஓர் இலகுரகக் குரூசரைத் தனியே அனுப்பினார். எம்டனை நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவில் முடித்தது சிட்னி, அதாவது ஆஸ்திரேலியப் பிரிவின் மூன்று இலகுரகக் குரூசர்களில் ஒன்று. ஹாம்ப்ஷயர், யார்மத் முதலிய பிரிட்டிஷ் கப்பல்கள் இரண்டு மாதம் தேடி அலைந்தும் சிக்காத கப்பல் அது.

எம்டன் மாதிரிக் கொள்ளைக் கப்பலைத் துரத்த 27,000 டன் போர்க்கப்பல் உதவாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கோரமண்டல் கரைக்கு வேண்டியிருந்தது மூன்று நல்ல குரூசர். போர் 1917ல் தொடங்கியிருந்தாலும் அவை இங்கே வந்திருக்கும் என்பதற்கு ஓர் அறிகுறியும் இல்லை. முடிவு 1912லேயே எடுத்தாயிற்று. மாற்று வரலாறு எழுதுகிறவர்கள் திருப்பிப்போட வேண்டிய தேதி, நம் பக்கத்திலிருந்து பார்த்தால், 1914 ஆகஸ்ட் இல்லை. கிழக்கே வரவேண்டிய கப்பல்களை வடகடலில் நிறுத்திக்கொண்ட அந்த 1912.

அதே 1912 நவம்பரில் கோலாலம்பூரில் கூடிய மலாய் கூட்டாட்சி நாடுகளின் மன்றத்தில் பேராக் சுல்தான் இத்ரிஸ் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்: முதல்தரப் போர்க்கப்பல் ஒன்றை மன்னருக்குக் காணிக்கையாக்குவது. பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கு நாடுகளின் கஜானாவிலிருந்து பணம். அதுதான் எச்.எம்.எஸ். மலாயா, குவீன் எலிசபெத் வகையில் ஐந்தாவது. ஆம்ஸ்ட்ராங் கம்பெனி டைன் நதிக்கரையில் 1913 அக்டோபரில் தொடங்கியது. 1916 பிப்ரவரியில் படையில் சேர்ந்தது. மொத்தச் செலவு 29 லட்சம் பவுண்டுக்கு மேல்.

அந்தக் கஜானா எதனால் நிறைந்தது? வெள்ளீயம், அபின் வரி, எல்லாவற்றுக்கும் மேல் 1910ன் ரப்பர் விலையேற்றம். ரப்பரை வெட்டியது யார் என்று தமிழ் வாசகருக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1912, 1913ல் ஆண்டுக்கு 1 லட்சத்துக்கும் மேற்பட்ட தென்னிந்தியக் கூலிகள் மலாயாவில் இறங்கினார்கள். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறினவர்கள். தஞ்சாவூர், திருச்சி, சேலம், இரண்டு ஆர்க்காடு மாவட்டங்கள், இவைதான் கங்காணிகள் அதிகம் ஆள் சேர்த்த இடங்கள். தென்னார்க்காட்டுக் கூலி வெட்டிய பால் கப்பலின் கவசத் தகடாயிற்று என்று எழுதினால் மிகைதான். ஆனால் வரவு செலவுப் புத்தகத்தில் அதற்கு மிக அருகில் வருகிற உண்மை அது. 1916 மே 31 அன்று ஜட்லாண்ட் சண்டையில் மலாயா கப்பல் அந்த நான்கு நாடுகளின் கொடியையும் ஏற்றிக்கொண்டு நின்றது. ஜெர்மன் குண்டு ஒன்று வலப்புற 6 அங்குலப் பீரங்கி வரிசைக்குள் வெடிக்க, அங்கே அடுக்கியிருந்த வெடிமருந்து பற்றிக்கொண்டது. அன்று அந்தக் கப்பலில் செத்தவர்கள் 60 பேருக்கு மேல். பெரும்பாலும் அந்தத் தீயில். கப்பல் கிழக்கே வந்தது போரெல்லாம் முடிந்த பிறகு, 1920-21ல், கன்னாட் கோமகனை இந்தியாவுக்கு ஏற்றிக்கொண்டு. அப்படியே மலாயாவுக்கும் ஒரு நடை போய்த் தன்னைக் காட்டிக்கொண்டது.

அந்தச் செலவை உப்பில் அளந்து பார்க்கலாம். பவுண்டுக்கு 15 ரூபாய் வீதம் மலாயா கப்பலின் விலை ஏறத்தாழ 4 கோடியே 40 லட்சம் ரூபாய். அன்றைய உப்பு வரி மணங்குக்கு 1 ரூபாய். நம் ஊர் 25 ராத்தல் மணங்கு இல்லை, அரசாங்கத்தின் 82 ராத்தல் மணங்கு, சுமார் 37 கிலோ. ஆக ஒரு கப்பலுக்கு 4 கோடியே 40 லட்சம் மணங்கு உப்பின் வரி. கிட்டத்தட்ட 16 லட்சம் டன். அந்த நாளில் பிரிட்டிஷ் இந்தியா முழுவதும் சேர்ந்து ஓராண்டில் கொடுத்த உப்பு வரி 5 கோடி ரூபாய் அளவில். மரக்காணத்திலிருந்து கால்வாய்ப் படகில் சென்னைக்குப் போன உப்பு, தூத்துக்குடி உப்பு, சாம்பார் ஏரி உப்பு, பஞ்சாப் இந்துப்பு, வெளிநாட்டிலிருந்து வங்காளத்தில் இறங்கிய உப்பு, அத்தனையின் ஓராண்டு வரியையும் ஒரே கப்பல் ஏறக்குறைய விழுங்கிவிடும். உப்பு வரியிலிருந்து நேராக டிரெட்நாட் கட்டப்படவில்லை. இது அளவு தெரிவதற்காகப் போட்ட கணக்கு.

ஆனால் போருக்கும் உப்புக்கும் நேரடி முடிச்சும் உண்டு. மணங்குக்கு 2 ரூபாய் 8 அணாவாக இருந்த வரி 1903ல் 2 ரூபாயாகவும், 1905ல் 1 ரூபாய் 8 அணாவாகவும், 1907ல் 1 ரூபாயாகவும் இறங்கியது. கோகலே சட்டசபையில் வருஷா வருஷம் விடாமல் கேட்டதற்கு அதில் பெரிய பங்குண்டு. அந்த இறக்கத்தைத் திருப்பியது போர். 1916 மார்ச் பட்ஜெட்டில் நிதி உறுப்பினர் வில்லியம் மேயர் வரியை 1 ரூபாய் 4 அணாவாக்கினார். ஒரே அடியில் கால் பங்கு ஏற்றம். அடுத்த ஆண்டு இந்தியா பிரிட்டனுக்கு 10 கோடி பவுண்டு ‘நன்கொடை’ அளித்தது. கடன் பத்திரம் விற்றுத் திரட்டிய பணம், வட்டி இந்தியர் கட்டியது. 1923ல் வரியை மறுபடி 2 ரூபாய் 8 அணாவாக்கி, எதிர்ப்புக்குப் பிறகு அடுத்த ஆண்டே இறக்கினார்கள். 1930ல் ராஜாஜி வேதாரண்யத்துக்கு நடந்தபோது நடப்பில் இருந்தது போர்க்கால விகிதமான அந்த 1 ரூபாய் 4 அணாதான்.

அப்படியானால் போர் தள்ளிப்போயிருந்தால் மரக்காணத்து உப்புக்கு அந்த 4 அணா மிச்சமாகியிருக்குமா? முதலில் எனக்கும் ஆம் என்றுதான் சொல்லத் தோன்றியது. அபின் கணக்கைச் சேர்த்தால் அந்த விடை நிற்கவில்லை. 1907ல் சீனாவோடு செய்த ஏற்பாட்டின்படி அந்நாட்டுக்கான இந்திய அபின் ஏற்றுமதி படிப்படியாகக் குறைந்து 1913ல் நின்றேபோனது. இந்திய அரசின் பெரிய வருமானங்களில் ஒன்று போயிற்று. அந்த ஓட்டையை அடைக்கத்தான் 1910 பட்ஜெட்டில் புகையிலை, மது, வெள்ளி, மண்ணெண்ணெய் மீது வரி ஏறியது. அமைதி நீடித்திருந்தாலும் 1916, 1917 வாக்கில் நிதி உறுப்பினரின் கை எங்கே போயிருக்கும்? வசூலிக்கச் சுலபமான, யாரும் தப்ப முடியாத வரி எதுவோ அங்கே. கூடவே லண்டனின் கடற்படைக் கணக்கும் குடியேற்ற நாடுகளை நெருக்கிக்கொண்டிருந்தது. கனடாவில் பிரதமர் போர்டன் மூன்று டிரெட்நாட்டுக்கு 3.5 கோடி டாலர் கேட்டுக் கொண்டுவந்த மசோதாவை 1913 மேயில் செனட் தள்ளிவிட்டது. கனடாவுக்குத் தள்ளிவிட ஒரு செனட் இருந்தது. மலாய் நாடுகளுக்கும் இந்தியாவுக்கும் அப்படி ஒன்று இல்லை. கனடா கைவிரித்த பிறகு, போரில்லாத 1915ல் லண்டன் அடுத்ததாக எந்தக் கதவைத் தட்டியிருக்கும் என்பதை ஊகிக்கக் கற்பனை அதிகம் வேண்டாம். இந்தியா ஆண்டுதோறும் கட்டிய அந்த 1 லட்சம் பவுண்டு ஏறியிருக்கும் என்பது என் அனுமானம்.

கப்பல்களின் தன்மையும் மாறியிருக்கும். ரிவெஞ்ச் வகைக் கப்பல்களை முதலில் நிலக்கரிக்குத்தான் வரைந்தார்கள், எண்ணெய் துணைக்கு. கடற்படையின் முதல் தளபதி பாட்டன்பெர்க், ஜெர்மன் பிறப்பைச் சாக்கிட்டுப் பதவி விலக நேர்ந்ததால் 1914 அக்டோபரில் ஃபிஷர் திரும்பி வந்தார். 1915 ஜனவரியில் அவற்றை முழுக்க எண்ணெய்க்கு மாற்றினார். போர் இல்லையென்றால் ஃபிஷரின் மறுவருகையும் இல்லை; அந்தக் கப்பல்கள் கரி தின்றுகொண்டு, இன்னும் மெதுவாகவே ஓடியிருக்கும். ஜட்லாண்டின் பாடங்கள் கிடைத்திருக்காது. விமானந்தாங்கிக் கப்பல் என்ற யோசனையே இவ்வளவு சீக்கிரம் முளைத்திருக்குமா என்பது சந்தேகம். அதற்கென்றே வரைந்து தொடங்கிய முதல் கப்பலான ஹெர்மிஸ் 1918ல் போர் நெருக்கடியில் தொடங்கியது. அது 1942 ஏப்ரல் 9 அன்று மட்டக்களப்புக்கு அப்பால் ஜப்பானிய விமானங்களால் மூழ்கடிக்கப்பட்டது. 300 பேருக்கு மேல் செத்தார்கள்.

1942 என்றதும் இரண்டாவது தாமதத்தையும் தொட்டாக வேண்டும். மாற்று வரலாற்றுக்காரர்கள் அதிகம் விரும்பும் தாமதமும் அதுவே: இரண்டாம் போர் 1939க்குப் பதில் 1942ல் தொடங்கியிருந்தால்? 16 அங்குலப் பீரங்கியோடு 1939 கோடையில் தொடங்கி, போர் வந்ததும் நிறுத்திய லயன், டெமரேர் இரண்டும், அவற்றுக்குப் பின் இரண்டும் முடிந்திருக்கும். பழைய ரிவெஞ்ச் வகை உடைக்கப் போயிருக்கும். நடந்தது என்ன? 1942 ஏப்ரலில் ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் ஐந்து விமானந்தாங்கிகள் இந்தியப் பெருங்கடலுக்குள் வந்தபோது பிரிட்டிஷ் அட்மிரல் சாமர்வில் கையில் இருந்தவை வார்ஸ்பைட்டும், 1913 திட்டத்தின் ரெசல்யூஷன், ராமிலீஸ், ராயல் சாவரின், ரிவெஞ்ச் என்ற நான்கு கிழங்களும். எரிபொருளும் போதாது, குடிதண்ணீரும் போதாது. ஏப்ரல் 5 கொழும்பு, 9 திருகோணமலை. நடுவில் 6ஆம் தேதி விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் குண்டு வாங்கின. அதே நாட்களில் இன்னொரு ஜப்பானிய அட்மிரலான ஒசாவாவின் குரூசர்ப் படை வங்காள விரிகுடாவில் இருபதுக்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்களை மூழ்கடித்தது. சென்னையில் ஜனங்கள் ஊரைக் காலி செய்தார்கள். அரசு அலுவலகங்கள் உள்மாவட்டங்களுக்குப் போயின. நான்கு கிழங்களும் ஆப்பிரிக்கக் கரையின் கிலிண்டினிக்கு விலக்கிக்கொள்ளப்பட்டன.

லயன் வகை நான்கும் இருந்திருந்தால் அவை இங்கே இருந்திருக்குமா? தாமதம் பிரிட்டனுக்கு மட்டும் கிடைக்கும் வரம் இல்லை. பிஸ்மார்க்கும் டிர்பிட்ஸும் முடிந்து, ஹிட்லரின் இசட் திட்டக் கப்பல்கள் பின்னாலேயே வந்திருக்கும். ஜப்பானின் யமாட்டோவும் முசாஷியும் தயாராயிருக்கும். லயன்கள் எங்கே நின்றிருக்கும் என்பதற்கு 1912 முன்மாதிரி இருக்கிறது. கிழக்கே கப்பல் சீக்கிரம் வராது என்பதை 1939லேயே லண்டன் தன் கையால் எழுதியும் வைத்தது. கப்பற்படை வந்து சேரும்வரை சிங்கப்பூர் தனியே தாக்குப்பிடிக்க வேண்டிய காலம் என்று ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். தொடக்கத்தில் அது 42 நாள்; பிறகு 70; 1939 ஜூலையில் 90; போர் தொடங்கிய செப்டம்பரில் 180.